நாலாம் அத்தியாயத்தின் ஓரங்கள்

டாக்டர் கிரிசாந்தோ கும்பானின் முகம் ஒரு ஜீப்னி பஸ்ஸின் பின்பக்கத்தைவிடப் பெரியது என்பது செமஸ்டரின் முதல் திங்கட்கிழமைதான் எங்கள் கல்லூரிக்குத் தெரியவந்தது. அதுவரை அது மற்ற முகங்களைப் போல கழுத்துக்கு மேலே அடக்கமாகத்தான் இருந்தது. அன்று காலை வாசல் கேட்டுக்கு மேலே இருபதடி பேனரில் ஏறிவிட்டது.

“படியெடுத்தல் திருட்டு! பிறர் படைப்பைப் போற்றுவோம்!” என்று முகத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது. பின்னணியில் ஒரு இறகுப் பேனா, ஒரு பழைய புத்தகம், கொஞ்சம் சூரிய ஒளி. அந்தப் படத்தை இணையத்திலிருந்து எடுத்திருந்தார்கள். படத்தை விற்கும் கம்பெனியின் பெயர் சாம்பல் நிறத்தில் குறுக்காக ஓடி, டாக்டரின் நெற்றியைக் கடந்து, வலது காதில் முடிந்தது. யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தால் ஏதாவது குழுவில் போட்டுவிடுவார்கள்.

விஷயம் இதுதான். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு கிளைக் கல்லூரியும் பதிப்புரிமைப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்து அறிக்கை அனுப்ப வேண்டுமாம். மற்ற ஊர்களில் வழக்கம்போல குழு அமைத்தார்கள், பன்சித் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். எங்கள் இலோய்லோவில் மட்டும் டாக்டர் கும்பான் அந்தச் சுற்றறிக்கையைப் படித்துத் தொலைத்தார்.

குழுவுக்கு அவர் தலைவர், நான் செயலாளர். அதாவது பன்சித்துக்குச் சொல்வது, கூட்டக் குறிப்பு எழுதுவது, போட்டோவில் ஓரமாக நிற்பது. என் பெயர் மாரிவெல் தூபாஸ். உளவியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர். ஆறு செமஸ்டராகத் தற்காலிகம். ஒவ்வொரு செமஸ்டரும் துறைத்தலைவர் ஒரு தாளில் “மீண்டும் நியமிக்கப் பரிந்துரைக்கிறேன்” என்று கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு அடுத்த செமஸ்டர் சோறு. துறைத்தலைவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்டுக்கு மேலே பார்த்தால் போதும்.

இப்போது நாங் தெக்லாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங் என்றால் எங்கள் ஊரில் அக்கா, நோங் என்றால் அண்ணன். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. நூலகப் படிக்கட்டுக்கு அடியில் ஜெராக்ஸ் கடை. எங்கள் கல்லூரியில் யாரும் புத்தகம் வாங்கிப் படித்ததில்லை. எங்கள் ஊரில் அந்தப் புத்தகங்களை யாரும் விற்றதும் இல்லை. ஆசிரியர்கள் தங்கள் பாடத்துக்கு வேண்டிய பக்கங்களை நாங் தெக்லாவிடம் கொடுத்துவைப்பார்கள். அவள் அதை மாஸ்டர் என்று ஒரு உறையில் போட்டு ஆசிரியர் பெயரை எழுதி அடுக்கியிருப்பாள். கடையில் போய்ப் பாடத்தின் பெயரைச் சொன்னால் அவளுக்குப் புரியாது. “நாங், ரெண்டு கும்பான், ஒரு தெல்ஃபின், முன்னும் பின்னும்” என்று சொல்ல வேண்டும். இரண்டு நிமிடத்தில் சூடாகக் கையில் கும்பான் வந்துவிடுவார்.

கும்பான் என்பது இருபத்தெட்டு பக்கம். அமெரிக்காக்காரர்கள் எழுதிய உளவியல் அறிமுகப் புத்தகம் ஒன்றின் நாலாம் அத்தியாயம்: நினைவாற்றல்.

நான் மாணவியாக இருந்த வருஷம் ஒரு புயல் வந்தது. படிக்கட்டுக்கு அடியில் இடுப்பளவு தண்ணீர். நாங் தெக்லாவும் காவலாளி நோங் இப்பேயும் மெஷினை மட்டும் தூக்கி மாடிக்கு ஏற்றினார்கள். உறைகள் போய்விட்டன. மறுவாரம் என்னைக் கூப்பிட்டு, “இன்டாய், பொண்ணே, உன் கும்பானைக் குடு, மாஸ்டரா வெச்சுக்கறேன்” என்றாள். கொடுத்தேன். கொடுக்கும்போது ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். அந்த இருபத்தெட்டு பக்கத்தின் ஓரங்களிலும் ஒரு செமஸ்டர் முழுக்க நான் குறிப்பெழுதி வைத்திருந்தேன்.

ஆகவே ஒன்பது வருஷமாக எங்கள் கல்லூரியில் நினைவாற்றல் என்பது என் ஓரக்குறிப்புகளோடு சேர்த்துத்தான் படிக்கப்படுகிறது. எழுதியது யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. புனித ஓரம்மாள் என்று பெயர் வைத்திருந்தார்கள். தேர்வு நாளில் வகுப்பு வாசலில் நின்று, “புனித ஓரம்மாளே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். மேற்பார்வைக்கு நிற்கும் நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

புதன்கிழமை மதியம் சோதனை நடந்தது. டாக்டர் முன்னால், நோங் இப்பே நடுவில், கேமராவோடு நான் பின்னால். கடை வாசலில் பதினைந்து பேர் வரிசை.

“நாங் தெக்லா, இந்தக் கடையில சட்டவிரோதமா படியெடுக்கறதா புகார் வந்திருக்கு,” என்றார் டாக்டர்.

“யார் குடுத்தா, சார்?”

“நான்தான்.”

“சாருக்கு யார் சொன்னா?”

“பேச்சை மாத்தாதீங்க. என் பாடத்தோட மாஸ்டரை எடுங்க.”

“கும்பானா, சார்? முன்னும் பின்னுமா, ஒரு பக்கமா?”

“எனக்குப் படி வேண்டாம்! மாஸ்டர் வேணும்!”

“சார், வரிசை,” என்றான் முதலில் நின்றவன். “நான் அரைமணி நேரமா நிக்கறேன்.”

நோங் இப்பே மெஷினின் மூடியைச் சுற்றிப் பெட்டி ஒட்டும் டேப்பை ஏழு சுற்றுச் சுற்றினார். டாக்டர் அதன் மேல் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். டேப்பில் பேனா பிடிக்கவில்லை. மூன்று தடவை போட்டார். நான் போட்டோ எடுத்தேன். நாங் தெக்லா முடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். கேமராவைப் பார்த்தால் அவளுக்கு அப்படித்தான்.

அலுவலகத்துக்கு வந்ததும் டாக்டர், கடையிலிருந்து எடுத்துவந்த மாஸ்டர் உறையைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தார். புத்தகத்தைப் படிக்கும் எண்ணம் அவருக்கு இருந்திருக்காது. ஆனால் ஓரத்தில் தன் பெயரைப் பார்த்துவிட்டால் எந்த மனிதனால் கண்ணை எடுக்க முடியும்?

முதல் பக்கம்: “கும்பான் சார் வந்ததும் மின்விசிறியை நிறுத்துவார். குரல் கேட்கணுமாம். கைக்குட்டை கொண்டு வா.”

மூன்றாம் பக்கம்: “எருமை ஜோக் இங்கே. முடிந்ததும் மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுச் சிரி. முன்னாடியே சிரித்தால் மறுபடி முதலிலிருந்து சொல்வார்.”

ஒன்பதாம் பக்கம்: “இந்த வரைபடம் சாருக்கும் புரியாது. கேட்டால் ‘நல்ல கேள்வி, அடுத்த வாரம்’ என்பார். அடுத்த வாரம் வராது. எனக்குப் புரிந்தது: குறுகிய கால நினைவு ஜீப்னியில் ஒரு பக்கத்துப் பலகை மாதிரி. ஏழு பேர் உட்காரலாம். எட்டாவது ஆள் ஏறினால் ஒருத்தர் இறங்கியாகணும். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது, இறங்காதே என்று ஒருத்தரின் சட்டையைப் பிடித்துக்கொள்வது.”

பதினாலாம் பக்கம்: “இங்கே ‘நான் மணிலாவில் இருந்தபோது’ ஆரம்பமாகும். இருபது நிமிஷம். தூங்கலாம். (சார் மணிலாவில் இருந்தது நாலு நாள்.)”

டாக்டரின் காதுகள் சிவந்ததை நான் பார்த்தேன். முதலில் நுனி, பிறகு மடல், பிறகு காது முழுக்க.

“நாலு நாள் இல்ல,” என்றார் கடைசியில். “ஆறு நாள்.”

“சரி, சார்.”

“இது யார் கையெழுத்து, மிஸ் தூபாஸ்?”

“தெரியலையே, சார்.”

அவர் முழங்கைக்குக் கீழே கூட்டக் குறிப்பு நோட்டு விரிந்து கிடந்தது. நாற்பது பக்கம், அதே கையெழுத்து, அதே சுழித்த முடிவு. நல்லவேளையாக எங்கள் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து கூட்டக் குறிப்பை யாரும் படித்ததில்லை. மெல்ல அதை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன்.

“கண்டுபிடிக்கணும்,” என்றார். “இந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர் இந்தக் காலேஜ்ல இருந்தா, அடுத்த செமஸ்டர் இருக்கமாட்டார். எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன். இடது கையால்.

“கைக்கு என்ன ஆச்சு?”

“பாட்சோய் சூப் கொட்டிடுச்சு, சார். சூடு.”

அன்றிலிருந்து எல்லாவற்றையும் இடது கையால் எழுதினேன். என் வருகைப் பதிவு நிலநடுக்கமானியின் தாளைப் போல இருந்தது.

விசாரணை அடுத்த வெள்ளி என்று முடிவானது. தலைமை அலுவலகத்திலிருந்து வழக்கறிஞர் ஒருவர் வந்து நடத்துவார். விதிப்படி புகார் மனு ஆறு பிரதி வேண்டும். ஆறும் ஒரே மாதிரி, முத்திரையோடு. மனுவை ஒரு பிரதி எடுத்ததும் அலுவலக பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது. அலுவலக ஜெராக்ஸ் மெஷின் அந்தப் புயலில் நனைந்த நாளிலிருந்து பூத்தொட்டி வைக்கும் மேசையாக இருக்கிறது. கல்லூரியில் ஓடும் ஜெராக்ஸ் மெஷின் ஒன்றே ஒன்று. அதை ஏழு சுற்று டேப் போட்டு மூடியிருந்தோம்.

“வெளியில கடை இருக்கே, சார்,” என்றேன்.

“ரகசிய ஆவணத்தை வெளியில எடுத்துட்டுப் போகக் கூடாது. விதி.”

ஆகவே குழு அவசரமாகக் கூடியது. மெஷினை நாற்பது நிமிடத்துக்கு மட்டும் திறக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்துக்கும் ஆறு பிரதி வேண்டும் என்று ஒருவர் நினைவூட்டினார். சரி, இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள்.

நோங் இப்பே டேப்பைப் பிரித்தார். நாங் தெக்லா மெஷினைச் சூடாக்கி, தன் மீதான புகாரை ஆறு பிரதி எடுத்தாள். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

“இன்டாய், இங்க ‘குற்றவாளி’ன்னு போட்டிருக்கு. விசாரணையே இன்னும் நடக்கலையே. ‘குற்றம் சாட்டப்பட்டவர்’னு மாத்தச் சொல்லு. நல்லா இருக்காது.”

டாக்டர் கொஞ்ச தூரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மெஷினின் சத்தத்தில் குனிந்து கேட்டேன்: “நாங், யார் எழுதினதுன்னு கேட்டா…”

“கேட்டாங்களே. ரெண்டு தடவை.”

“என்ன சொன்னீங்க?”

“எனக்கு கண்ணு சரியில்லைன்னேன். இன்டாய், இருபத்தாறு வருஷமா இந்தக் காலேஜ் கேள்வித்தாள் எல்லாம் இந்த மெஷின் கண்ணாடி மேலதான் படுத்து எழுந்திருக்கு. ஒரு கேள்வி வெளிய போயிருக்கா? உன் பேர் மட்டும் போயிடுமா?”

“கடை போயிடும், நாங்.”

“போனா என்ன? மெஷினைத் தூக்கிட்டு நர்சிங் காலேஜ் கேட்டுக்குப் போவேன். அங்க நிழல் இல்ல. அவ்வளவுதான்.” என்று சொல்லிவிட்டு, ஏற்கனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தாள்.

நாற்பது நிமிடம் முடிந்ததும் நோங் இப்பே மறுபடி ஏழு சுற்றுப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஒலி-ஒளி அரங்கம் நிரம்பி வழிந்தது. எங்கள் ஊரில் நிகழ்ச்சி நிரல் இல்லாமல் இரண்டு பேர் ஒரு அறையில் உட்கார மாட்டார்கள். விசாரணைக்கும் நிரல் இருந்தது: ஜெபம், தேசிய கீதம், வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம், உடற்கல்வித் துறையின் மூங்கில் நடனம், பிறகு விசாரணை. கலந்துகொண்ட அனைவருக்கும் வெளியில் சான்றிதழ் அச்சடித்து வைத்திருந்தார்கள். பதவி உயர்வுக்கு ஆகும். நாங் தெக்லாவுக்குத் தனியாக ஒன்று, “குற்றம் சாட்டப்பட்டவராகச் சிறப்பாகப் பங்கேற்றமைக்கு”.

வழக்கறிஞர் எஸ்தர் பலோமார் குள்ளமான பெண்மணி. மழையில் ஷூ நனைந்துவிட்டதால் ரப்பர் செருப்போடு மேடையில் உட்கார்ந்திருந்தார். நடனத்தை ரசித்துப் பார்த்தார், பன்சித்தைத் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார், வாயைத் துடைத்தார்.

“ஆரம்பிக்கலாமா? டாக்டர், புத்தகம் மொத்தம் எத்தனை பக்கம்?”

“அறுநூத்து நாப்பது, அட்டர்னி,” என்றார் டாக்டர், தானே எழுதியது போல.

“நாங், நீங்க எத்தனை பக்கம் எடுத்தீங்க?”

“இருபத்தெட்டு, அட்டர்னி.”

“மீதி?”

“மீதிய யாரும் கேக்கலையே.”

“ஏன் கேக்கலை?”

நாங் தெக்லா டாக்டரைப் பார்த்தாள். பார்வையில் பகை எதுவும் இல்லை. ஒரு நல்ல வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுக்கும் சங்கடம்தான் இருந்தது. “சார் அதுக்கு மேல போனதில்லை, அட்டர்னி. நான் பார்த்து இருபத்திரெண்டு வருஷமா நாலாம் அத்தியாயம்தான்.”

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

அட்டர்னி தன் நோட்டில் கணக்குப் போட்டார். “நூத்துக்கு அஞ்சு பங்குகூட வரலை. வகுப்புப் பாடத்துக்காகப் பிள்ளைங்க கொஞ்சம் பக்கம் படியெடுத்தா, அதனால புத்தக விற்பனையும் கெடலைன்னா, நியாயமான பயன்பாடுன்னு சட்டம் வழிவிடுது. இங்க இந்தப் புத்தகம் விக்கறதே இல்லை, கெடறதுக்கு. டாக்டர், நீங்க முழுப் புத்தகத்தையும் நடத்தியிருந்தீங்கன்னு வெச்சுக்குங்க, இந்தம்மா வசமா மாட்டியிருப்பாங்க. உங்களோட…” ஒரு வாய் தண்ணீர் குடித்தார். “உங்களோட ஆழமான போதனை முறைதான் இவங்களைக் காப்பாத்தியிருக்கு.”

அரங்கம் அதிர்ந்தது. டாக்டர் கையை உயர்த்தினார். அவரை அவ்வளவு சுலபமாக மடக்க முடியாது.

“புத்தகத்தை விடுங்க, அட்டர்னி. ஓரத்துல இருக்கறது? அது யாரோ ஒருத்தரோட சொந்தப் படைப்பு. ஒன்பது வருஷமா, ஒரு வரி விடாம, முழுசா, ஆயிரக்கணக்கான படி! எழுதினவர் அனுமதி குடுத்தாரா? எங்கே அவர்? கொண்டாங்க!”

என் இடது கையில் பேனா நின்றது. எழுதினவர் முன்னால் வரமாட்டார் என்று அவருக்குத் தெரியும். வந்தால் வேலை போகும். வராவிட்டால் கடை போகும். இரண்டுமே அவருக்குச் சம்மதம்தான்.

“நல்ல கேள்வி,” என்றார் அட்டர்னி. மாஸ்டரை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரங்களைப் படித்தார். எருமையில் உதடு துடித்தது. மணிலாவில் தோள் குலுங்கியது. ஜீப்னிக்கு வந்ததும் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தார்.

“இதை எழுதினவங்களுக்குப் பாடம் நடத்தத் தெரியும்,” என்றார். “புதுசான, சொந்தமான வேலை. எங்க தலைமை அலுவலகத்துல இதுக்கு ஆராய்ச்சிப் புள்ளிகூடக் குடுப்பாங்க.”

அந்தச் சொல்லை அவர் சொல்லியிருக்கக் கூடாது. ஆராய்ச்சிப் புள்ளி என்றால் எங்கள் கல்லூரியில் பிணம்கூட எழுந்து கையெழுத்துப் போடும். முதலில் துணை முதல்வர் தெல்ஃபின் சொரோங்கோன் தொண்டையைச் செருமினார்.

“அட்டர்னி, இந்த நடை எனக்கு ரொம்பப் பழக்கமா இருக்கு. ஒருவேளை நானே எப்பவாவது…”

“சார், நீங்க கெமிஸ்ட்ரி,” என்றது பின்வரிசை.

“ஆர்வத்துல போய் உட்கார்ந்திருப்பேன்!”

நூலகர், விடுப்பிலிருந்து அன்றுதான் வந்தவர், காகிதம் நூலகத்துடையது என்று சொல்லிப் பார்த்தார். அப்போது டாக்டர் கும்பான் எழுந்தார். அவர் முகத்தில் ஒரு புதிய வெளிச்சம் தெரிந்தது. பேனரில் இருந்த அதே வெளிச்சம்.

“யோசிச்சுப் பார்த்தா, அட்டர்னி, இதுல இருக்கற எல்லாமே வகுப்புல நான் பேசினது, நான் செஞ்சது. ஜோக் என்னது. மணிலா என்னது. யாரோ குறிச்சு வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். ஆக, இதோட ஆசிரியர் நான்தான்.”

“‘இந்த வரைபடம் சாருக்கும் புரியாது.’ இதுவும் உங்களோடதா?”

டாக்டர் ஒரு நொடி தயங்கினார். “சுயவிமர்சனம்.”

“கைக்குட்டை?”

“மாணவர் நலன்.”

“சரி. ஆசிரியர் நீங்கன்னே வெச்சுக்கறேன். நாங் தெக்லாவுக்குப் படியெடுக்க அனுமதி குடுத்தீங்களா?”

“இல்லை. குடுக்கவும் மாட்டேன்.”

நாங் தெக்லா மடியில் இருந்த சான்றிதழை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். புறப்படத் தயாராகிறாள் என்று புரிந்தது. எழுந்தது என் கால்கள்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அட்டர்னி, அதை எழுதினது நான்.”

முந்நூறு தலைகள் திரும்பின. எங்கிருந்தோ ஒரு பெண், “புனித ஓரம்மாளே!” என்று கத்தினாள்.

டாக்டர் சிரித்தார். “யார் வேணும்னாலும் சொல்லலாம். துணை முதல்வரே சொன்னார். மிஸ் தூபாஸோட கையெழுத்தைப் பாருங்க, கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆதாரம் எங்கே?”

“ஒரு தாள் குடுங்க, அட்டர்னி,” என்றேன். பேனாவை வலது கைக்கு மாற்றினேன். பத்து நாளாகச் சும்மா இருந்த கை, அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி போலத் தாளின் மேல் ஓடியது. எழுதி, மடித்து, அட்டர்னியின் தட்டுக்கு அடியில் வைத்தேன்.

“சார் இப்ப தன் பக்கத்து நியாயத்தை இந்த அரங்கத்துக்குச் சொல்லட்டும், அட்டர்னி. முடிச்சதும் பிரிச்சுப் பாருங்க.”

“சொல்லுங்க, டாக்டர்,” என்றார் அட்டர்னி.

டாக்டருக்கு மைக்கைக் கொடுத்துப் பேச வேண்டாம் என்றால்தான் கஷ்டம். கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னலைப் பார்த்தார். “நண்பர்களே! இந்தக் கல்லூரிக்காக என் இளமையைக் கொடுத்தேன்.” கண்ணாடியைத் துடைத்தார். “என் முடியைக் கொடுத்தேன்.” தலையைத் தடவினார். சிரிப்புக்காகக் காத்திருந்தார். “நான் மணிலாவில் இருந்தபோது ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார், கிரிசாந்தோ, நீ ஏன் இங்கேயே தங்கிவிடக் கூடாது? நான் சொன்னேன், ஐயா, எருமைக்கு ஞாபகசக்தி இருந்தால் நேற்று உழுத வயலுக்கே இன்றைக்கும் திரும்பி வருமா?”

அட்டர்னி தட்டை நகர்த்தித் தாளைப் பிரித்தார். ஒலிவாங்கியை அருகே இழுத்து வாசித்தார்.

“‘கண்ணாடியைக் கழற்றுவார். ஜன்னல். நண்பர்களே, இந்தக் கல்லூரிக்காக என் இளமையைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைப்பார். என் முடியைக் கொடுத்தேன். தலை. சிரிப்புக்கு நிற்பார். மணிலா. பேராசிரியர். ஏன் தங்கிவிடக் கூடாது? எருமை.’”

முந்நூறு பேர் மனசுக்குள் மூன்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு சிரிப்பில் அரங்கத்தின் கூரையே பறந்துவிட்டது. நடனக்காரர்கள் மூங்கில்களைத் தரையில் தட்டினார்கள். துணை முதல்வர் நாற்காலியிலிருந்து சரிந்தார். நோங் இப்பே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அட்டர்னி தாளையும் மாஸ்டரையும் அருகருகே வைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டார். அவருக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் எழுத்துத் தெரியவில்லை.

“மிஸ் தூபாஸ்,” என்றார் மூச்சு வந்ததும், “நாங் தெக்லாவுக்கு உங்க அனுமதி உண்டா?”

“ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே குடுத்தேன், அட்டர்னி. வெள்ளம் வடிஞ்ச மறுவாரம். அவங்க கேட்டாங்க, நான் எடுத்துக் குடுத்தேன்.”

“எழுத்துல குடுத்துடுங்க. ஆறு பிரதி.”

அதற்கு மேல் யாரும் காத்திருக்கவில்லை. டேப்பைப் பிரிக்க நோங் இப்பேயைத் தேடியபோது அவர் ஏற்கனவே பிரித்துக்கொண்டிருந்தார். அன்று மாலை வரிசை கேட்டுவரை நின்றது. “நாங், ஒரு தூபாஸ்!” என்று எவனோ கேட்டான். நாங் தெக்லா உறையின் மேல் இருந்த பெயரை அடித்து எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சனி, ஞாயிறு முழுக்க அப்படியேதான் இருந்தது.

திங்கட்கிழமை காலை டாக்டர் கூப்பிட்டனுப்பினார். போனேன். மேசையில் என் மறுநியமனத் தாள் இருந்தது. கையெழுத்து இடம் காலி. பேனா மூடியோடு பக்கத்தில். அவர் பேனரில் இருந்த அளவுக்கு இல்லை. மேசைக்குப் பின்னால் சின்னதாகத் தெரிந்தார்.

“உட்காரு,” என்றார். பிறகு, “அந்த எருமை ஜோக்குக்கு… யாருமே நிஜமா சிரிச்சதில்லையா?”

தாளைப் பார்த்தேன். ‘எல்லாரும் நிஜமாத்தான் சிரிச்சாங்க, சார்’ என்று சொன்னால் கையெழுத்து விழும். பொய் சொல்ல இடது கை மாதிரி ஒரு வாய் இல்லையே.

“நான் முதல் தடவை கேட்டப்ப நிஜமாத்தான் சிரிச்சேன், சார். அதனாலதான் குறிச்சு வெச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் குறிச்சு வெச்சதால மத்தவங்க சிரிச்சாங்க.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “இன்னைக்குக் காலைல முதல் வகுப்பு. விசிறியை நிறுத்தக் கைய நீட்டினேன். நாப்பது பேரும் ஒண்ணா கைக்குட்டையை எடுத்தாங்க. ‘எருமைக்கு’ன்னு ஆரம்பிச்சேன். மீதிய அவங்களே சொல்லிட்டாங்க. கோரஸா.” பெருமூச்சு விட்டார். “நாலாம் அத்தியாயம் முடிஞ்சுபோச்சு, மிஸ் தூபாஸ். இந்த செமஸ்டர் நான் அஞ்சாம் அத்தியாயத்துக்குப் போகப்போறேன்.”

“ரொம்ப நல்லது, சார்.”

“நீ அஞ்சாம் அத்தியாயம் படிச்சிருக்கியா?”

“படிச்சிருக்கேன், சார். நீங்க?”

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, மேசையின் மீது குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

“அதுக்கும் ஓரத்துல எழுதித் தர்றியா? வகுப்புக்கு முன்னாடியே?”

“முன்னாடியேன்னா, சார்?”

“நீ எழுதினதை நான் சொல்றேன். எங்க நிறுத்தணும், எங்க பார்க்கணும், எல்லாம் போட்டுடு. அந்த ஜீப்னி மாதிரி ஏதாவது. ஜோக்கும்.”

நான் யோசிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். உண்மையில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

“எத்தனை பக்கம் அது?” என்று கேட்டார்.

“முப்பத்திரெண்டு, சார். ஒரு செமஸ்டர் ஆகும்.”

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி, ‘ஒரு செமஸ்டர்’ என்ற இடத்துக்குக் கீழே நுனியை வைத்தார்.

“அதுக்கப்புறம் ஆறாம் அத்தியாயம் இருக்கு, சார்.”

பேனா நின்றது. “மொத்தம் எத்தனை?”

“பதினாறு.”

டாக்டர் விரல் விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்தது, மறு கை முடிந்தது, மறுபடி முதல் கைக்கு வந்தார். பிறகு தாளின் மேலே போய், ‘தற்காலிக’ என்ற சொல்லை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்து, பக்கத்தில் ‘நிரந்தர’ என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார்.

“உன் பேரையும் அந்தக் குறிப்புகள்ல எங்கயாவது போடணுமா?” என்று கேட்டார், தலையைத் தூக்காமல்.

“முதல் பக்கத்துல, சார். உங்க பேருக்கு மேல.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பேனா அந்தரத்தில் நின்றது. பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார்.